பைன் காட்டிலிருந்து வந்த மூன்று படங்கள்

ஜூலை 5, சனி, பினாங்கு

ஸ்காட்லாந்தில் படிக்கும் அக்கா மகள், அங்குள்ள மலைநாட்டுப் பைன் காட்டில் எடுத்த மூன்று படங்களைப் புலனத்தில் அனுப்பியிருக்கிறாள். "மாமா, இது பம்பிள் தேனீதானே? ஆனால் வாயில் ஒரு வண்டு இருக்கிறதே?" என்று கேட்டிருந்தாள். பூந்தேனையும் மகரந்தத்தையும் உண்டு வாழும் தேனீ வண்டைப் பிடிக்காது என்பதால், அவள் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் மயிர் அடர்ந்த உடல் பம்பிள் தேனீ என்று யாரையும் ஏமாற்றிவிடும், தலை ஏமாற்றாது. இரு பெருங்கண்களுக்கு நடுவே உச்சந்தலை பள்ளமாக இறங்கியிருக்கிறது. முகத்தில் தாடிபோல மயிர்க்கற்றை. உணர்கொம்புகள் தேனீக்கு இருப்பதுபோல முழங்கை மடிப்பாக வளையாமல் குட்டையாக நீண்டிருக்கின்றன. பின்னங்காலில் மகரந்தக் கூடை இல்லை. வண்டையும் அது கவ்விக்கொண்டிருக்கவில்லை: கடினமான மேல்சிறகுகள் விரிந்த இடைவெளியில் ஊசி போன்ற வாயைக் குத்தியிருக்கிறது. அதன் வழியே செலுத்தும் உமிழ்நீர் இரையைச் செயலிழக்கச் செய்து, உள்ளுறுப்புகளைக் கரைத்து, உறிஞ்சும் பதத்திற்குக் கொண்டுவந்துவிடும். இது தேனீயல்ல, பிற பூச்சிகளை வேட்டையாடி உண்ணும் கொள்ளை ஈ என்பதில் இனி ஐயமில்லை.

ஜூலை 9, புதன்

காலையில் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். பூங்கொடியில் மொய்த்த தச்சுத்தேனீயின் கரிய உடலையும் நீலம் மின்னும் நான்கு சிறகுகளையும் நெடுநேரம் பார்த்தேன். ஈக்கு இரண்டே சிறகுகள். பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் சிறு குமிழ்கள் மட்டுமே இருக்கும்.

ஜூலை 12, சனி

இனத்தையும் உறுதி செய்துவிட்டேன். கொள்ளை ஈக்களின் லாஃப்ரியா பேரினத்தில் பிரிட்டனில் வாழ்வது லாஃப்ரியா ஃபிளாவா ஒன்றுதான். அதுவும் ஸ்காட்லாந்தின் பழம் பைன் காடுகளில் மட்டுமே. ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1761-இல் பெயரிட்டது; ஃபிளாவா என்றால் லத்தீனில் மஞ்சள். ஐரோப்பியப் பெருநிலத்தில் எடுத்த படமாக இருந்திருந்தால், வயிறு கறுத்த லாஃப்ரியா எஃபிப்பியம் போன்ற உறவினங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த ஈ எங்கே உட்கார்ந்திருந்தது என்று அக்கா மகளிடம் கேட்டேன். பட்டை உரிந்த பைன் அடிக்கட்டையில் என்றாள். எனக்கு மிகவும் பிடித்த பதில் அது, ஏனெனில் இதன் புழுக்கள் பட்டுப்போன பைன் மரத்துக்குள் வளர்ந்து, அங்கே துளைத்து வாழும் நெடுங்கொம்பு வண்டுகளின் புழுக்களைத் தின்கின்றன. காட்டைச் சுத்தம் செய்வதாக நினைத்து அக்கட்டைகளை அப்புறப்படுத்தினால் இந்த ஈக்குப் பிறப்பிடமே இல்லாமல் போகும். அடுத்த வாரம் அதே கட்டைக்கு மீண்டும் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பெண் ஈ விரிசலில் முட்டையிடுகிறதா என்று பார்த்து, பக்கவாட்டிலிருந்து படமெடுக்கச் சொன்னேன்.