விற்காத வீட்டுக்கு ஒரு மாவிளக்கு

வீடு நல்லபடியாக விற்றுப்போனால் மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாவிளக்கு வைக்கிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டது கொரோனாவுக்கும் முன்னால். வீடு இன்னும் விற்கவில்லை. மாவிளக்கு மட்டும் இந்தத் தை மாத வெள்ளிக்கிழமை வைத்தாயிற்று.

“விக்கவே இல்லையேம்மா, அதுக்குள்ள என்ன நேர்த்தி?” என்று கேட்டேன். அம்மா பச்சரிசியைக் களைந்துகொண்டே திரும்பாமல் சொன்னார்: “வித்தாத்தான் தருவேன்னு அவகிட்டயும் அட்வான்ஸ் பேசச் சொல்றியா புள்ள?”

அதற்கு மேல் நான் என்ன பேச?

வீடு இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து டிக்கோயா போகிற பக்கம், ரோட்டுக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. அப்பா தோட்டப் பாடசாலை ஆசிரியர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர். தன் பெயரில் ஒரு காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. கடன் எடுத்து, அம்மாவின் நகையை வைத்து, அந்தக் கொஞ்சப் பேர்ச் நிலத்தை வாங்கினார். உறுதியை பிளாஸ்டிக் உறையில் போட்டு மாரியம்மன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். அவர் போன பிறகு அம்மாவின் முழங்கால் அந்தப் படிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. குளிரும் சேரவில்லை. பாதி நாள் வத்தளையில் எங்களோடு, பாதி நாள் ஊரில் என்று ஓடியது. விற்றுவிட்டு, படி இல்லாத ஒரு சின்ன வீடு பார்க்கலாம் என்று எல்லோரும் கூடித்தான் முடிவெடுத்தோம்.

அப்போது தொடங்கியது எங்கள் ஏழரை.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு என்று சட்டம் பிரித்துக் கொடுத்தாலும், அதைக் காகிதத்தில் கொண்டுவர டெஸ்டமென்டரி என்கிற வாரிசுரிமை வழக்குப் போட வேண்டும் என்றார் பத்திரம் எழுதும் நொத்தாரிஸ். பத்திரிகையில் அறிவித்தல், தவணை மேல் தவணை. கனடாவில் இருக்கும் தம்பி, தனக்காக இங்கே கையெழுத்துப் போட அதிகாரம் தரும் அற்றோனித் தத்துவம் அனுப்பினான். அதில் அவன் முதலெழுத்தும் பிறப்புச் சான்றிதழில் உள்ள முதலெழுத்தும் வேறாக இருந்ததால் திரும்ப முதலிலிருந்து. சர்வேயர் வந்து அளந்தால் எங்கள் வேலி ஓர் ஓரத்தில் பக்கத்துக் காணிக்குள் கால் வைத்திருந்தது. அதைப் பேசித் தீர்க்க ஒரு மழைக்காலம் போனது.

காகிதம் சரியான பிறகு ஆட்கள் சரியில்லை. ஒருவருக்குப் படி அதிகம். ஒருவருக்கு அடுப்படி ஈசானிய மூலையில் இருந்தது பிடிக்கவில்லை. குசினிக்குப் பின்னால் ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கிறது. அப்பா அதை ஒட்டித்தான் அஸ்திவாரம் போட்டார். வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் அதைத் தட்டிப் பார்த்து, “இத ஒடைக்கவே தனியாச் செலவாகுமே” என்று விலையைக் குறைப்பார்கள். புரோக்கர்மார் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆளுக்கொரு ‘பார்ட்டி’யைக் கூட்டி வருவதும், பிளேன்டீ குடிப்பதும், போகும்போது பெட்ரோலுக்குக் கை நீட்டுவதுமாக இருந்தார்கள்.

உண்மையாகவே நெஞ்சு விட்டுப்போனது 2022இல். இளம் ஜோடி, இருவருக்கும் அரசாங்க வேலை. அந்தப் பெண் டேப் கொண்டுவந்து ஜன்னல்களை அளந்து திரைச்சீலைக்குக் கணக்கெழுதினாள். வங்கிக் கடன் கிட்டத்தட்டக் கைக்கு வந்த நேரத்தில், அந்த ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளி ஏற்றியது. கடன் தவணை அவர்கள் சம்பளத்தைத் தாண்டிப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு அவள் போனில் அழுதாள். அவளைக் கோபிக்க முடியுமா?

கடைசியாக வந்தவர் கத்தாரில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். பாறையைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் ஆள். டிசம்பரில் முற்பணம், தையில் உறுதி எழுதுவது என்று பேச்சு. நவம்பர் கடைசியில் டித்வா வந்தது.

அந்தப் புயலைப் பற்றி இலங்கையில் யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். மலைநாட்டில் மண் எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாத இரவுகள். அம்மா அப்போது வத்தளையில். அங்கேயும் தண்ணீர் பயம். ஊருக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது பேசியது சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா. கீழ் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கிச் சுவர் வெடித்துவிட்டதாம். ஸ்கூலில் இடமில்லை, பச்சைப் பிள்ளைகளோடு நின்றார்கள், உங்களைக் கேட்காமல் வீட்டைத் திறந்துவிட்டேன், கோபிக்க வேண்டாம் என்றார்.

அம்மா போனைப் பிடித்தபடி, “கேக்காமத் தொறந்தியே, அந்தப் புண்ணியம் ஒனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

வீடு அசையவில்லை. அந்தப் பாறையால்தானா என்பது பொறியியலாளர் சொல்ல வேண்டிய விஷயம். அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. கத்தார்காரர் மண்சரிவு அறிக்கை கேட்டார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்களோ ஆட்கள் குடியிருக்கிற ஆபத்தான சரிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் நியாயமும். அவரால் காத்திருக்க முடியவில்லை. கம்பளைப் பக்கம் எதையோ பார்க்கப்போவதாகச் சொல்லி விலகிக்கொண்டார். வழக்கம்போல அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் ஊருக்குப் போக பேக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் இந்த மாவிளக்குக்கு மாவு இடித்தது லயத்துப் பெண்கள் ஆயிற்று. நான் வியாழன் மாலை போய்ச் சேர்ந்தபோது வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஹாலில் பாய்கள், அப்பாவின் மேசையில் பள்ளிக்கூடப் புத்தகங்கள். குசினியில் இரண்டு பேர் மாறி மாறி உரலில் குத்த, ஒரு பாட்டி சலித்துக்கொண்டிருந்தார். கித்துள் கருப்பட்டியைத் தட்டி, ஏலக்காய் போட்டு, ஈரமாவோடு பிசைந்து உருட்டி, அம்மா பித்தளைத் தூக்கில் அடைத்தார். வாழை இலைத் துண்டு போட்டு மூடி, தூக்கை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

விடியாத பஸ். ரயில் பாதை பல இடத்தில் உடைந்து கிடந்ததால் எல்லாச் சனமும் பஸ்ஸில்தான். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்க இறங்க, மலைகளில் சிவப்புச் சிவப்பாக உரிந்த இடங்கள். பேசிக்கொண்டு வந்தவர்களும் அந்தத் திருப்பங்களில் வாயை மூடிக்கொண்டார்கள். கண்டியில் மாத்தளை பஸ் ஏறினால் நிற்கத்தான் இடம். யாரோ ஒரு தம்பி எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார், நன்றாக இருக்கட்டும். அக்குறணை நெரிசலைப் பற்றிப் புலம்பாத மாத்தளைப் பக்தர் உண்டா? வண்டி ஊர்வதும் நிற்பதுமாக இருக்க, கண்டக்டர் “பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க” என்று தள்ள, ஒரு பெரியவரின் குடைக்கம்பு தூக்கின் மேல் இடித்துக்கொண்டே வந்தது. அம்மா தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலித்திருக்கும். கேட்டால், “நம்ம ஆளுக இந்த மலைக்கு நடந்தே வந்தவுக” என்றார்.

அது உண்மை. கோப்பித் தோட்டக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக, கொள்ளை நோய்க்கும் காய்ச்சலுக்கும் பல பேரைப் பறிகொடுத்து நடந்து வந்தவர்களுக்கு மாத்தளைதான் மலைநாட்டின் வாசல். மாரியை இங்கே வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள் என்று எங்கள் அப்பாயி சொல்வார். நம்ம ஆட்கள் இங்கே வந்து இருநூறு ஆண்டு ஆன நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களும் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில்தான் நடையை முடித்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டும் எழுந்து நிற்கிற கோயில் இது. 108 அடி ராஜகோபுரம் பஸ் ஜன்னலில் தெரிந்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தெருவில் இறங்கியதும் அர்ச்சனைத் தட்டை வலியக் கையில் திணிக்கிற கூட்டம். “பிடிங்க அக்கா, காசு அப்புறம்” என்பார்கள்; அப்புறம் கேட்கிற காசு அநியாயம். ஓர் ஆள், வரிசை ரொம்ப நீளம், நான் உள்ளே கூட்டிப்போகிறேன் என்று கூடவே வந்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தார், ஆள் காணாமல்போனார். புரோக்கர்களோடு இத்தனை காலம் பழகியதற்கு அந்த ஒரு பலன். தை வெள்ளி என்பதால் வரிசை வளைந்து வளைந்து போனது. முன்னால் நின்றவர்கள் செல்போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்கள். கும்பிட வந்தீர்களா, வீடியோ எடுக்க வந்தீர்களா என்று கேட்க வாய் துடித்தது. வெள்ளிக்கிழமை, விட்டுவிட்டேன்.

உள்ளே ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. அம்மாவால் குந்த முடியாது என்பதால் காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்தார். தூக்கைத் திறந்தால் மாவு மேலே லேசாக வெடித்திருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. அம்மா கையை நனைத்து மெல்லத் தடவிச் சேர்த்தார். வாழை இலையில் குவித்து வைத்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். அந்தக் குழியில் அவருடைய விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. நெய் ஊற்றி, திரி போட்டு, சுற்றிக் குங்குமம் வைத்து ஏற்றினார். நெய் இறங்கிக் கருப்பட்டி இளகி, வாசனை எழுந்த நேரம் திரை விலகியது.

பச்சைப் பட்டு, எலுமிச்சை மாலை, மூக்குத்தி. அவ்வளவுதான் நான் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள், மணி அடித்தது, எல்லோரும் “தாயே” என்றார்கள். வீடு, உறுதி, கடன், அம்மாவின் கால் என்று வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. அம்மாவைப் பார்த்தேன். உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டால், வீட்டில் படுத்திருக்கிற ஒவ்வொருவரையும் பேர் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூலவீட்டுப் பாட்டியின் இளைப்பு, ஓ.எல். பரீட்சை எழுதப்போகிற பொடியன், அந்தக் கைக்குழந்தையின் சளி வரை எல்லாம் சொன்னார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை காலம், ஏன் தாயே விற்க விடவில்லை, படிக்குப் பயந்து ஓடினான், பாறைக்குப் பயந்து ஓடினான், வட்டி ஏறியது என்று அவளிடம் கேட்டபடியே இருந்தேன். புயலை அவள் அனுப்பினாள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை பறிகொடுத்தவர்கள் முன்னால் அப்படிப் பேச வாய் கூசும். ஆனால் அந்தக் கதவு அன்றைக்கு வேறு யார் பெயரிலோ பூட்டிக் கிடந்திருந்தால் என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அப்பா நகையை வைத்து வாங்கிய மண்ணில் அவர் பிறந்த லயத்துச் சனம் படுத்துத் தூங்குகிறது. தாயே, மகமாயி, உனக்கு எத்தனை கோடி நமஸ்காரம் சொன்னாலும் போதாது. முழங்கால் வலியோடு வந்தவளை உட்கார வைத்துத் தரிசனம் கொடுத்தாய். வெடித்த மாவையும் ஏற்றுக்கொண்டாய்.

விளக்கு மலையேறியதும் மாவை உதிர்த்துப் பிசைந்து, சுற்றி நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பாதியை வீட்டுக்கென்று அம்மா தூக்கில் ஒதுக்கினார்.

திரும்பும்போது கண்டி பஸ்ஸில் புரோக்கர் போன். புதுப் பார்ட்டி, கொழும்பு ஆள், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாமா என்றார். போனை அம்மாவிடம் கொடுத்தேன். “சித்திரை கழியட்டும் தம்பி. வீட்டுல சனம் இருக்கு, அதுகளுக்கு எடம் அமையணும்” என்றார். அவர் விடாமல் ஏதோ சொல்ல, “அந்தப் பாறைக்குன்னு வெலையக் கொறைக்கிறவுக வரவே வேணாம். இனி அதுக்குச் சேத்துத்தான் வெல” என்று சொல்லி போனை என் கையில் வைத்தார்.

மண்சரிவு அறிக்கைக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மாசி மகத்துக்கு ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது லயத்துப் பிள்ளைகளையும் கூட்டிப்போவதாக அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். வேன்காரர் கேட்கிற வாடகை மட்டும் இன்னும் படியவில்லை. அம்மா தினமும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.