பிரிக்கப்படாத உறைகள்

சியாட்டில் பக்கம் வீடு வாங்கிய நாளிலிருந்து ஏப்ரல் 30க்குள் ஒரு பாதி, அக்டோபர் 31க்குள் மறு பாதி என்று சொத்து வரியைத் தவறாமல் கட்டிவருகிறோம். அதில் பெரிய பங்கு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது, அதிலும் ஒரு பகுதி ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால்தான் வசூலாகும் என்பதெல்லாம் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுடைய வகுப்பு ஒரு போர்ட்டபிளில் நடந்தது. மைதானத்து ஓரமாகக் கொண்டுவந்து இறக்கிவைத்த தனி அறை, ஏறுவதற்கு மரப்படி. பாத்ரூம் போக வேண்டுமென்றால் மழையில் மெயின் கட்டடத்துக்கு ஓட வேண்டும், இங்கே மழை எத்தனை மாதம் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் இவ்வளவு பேர் சேரும்போது ஏன் புதிதாகக் கட்டவில்லை என்று இன்னொரு அம்மாவிடம் கேட்டேன். "பாண்ட் தோற்றுவிட்டதே" என்றார்.

லெவி என்பது கூடுதல் சொத்து வரி, பாண்ட் என்பது சொத்து வரியிலிருந்து அடைக்கும் கடன், இரண்டுக்கும் ஊர்க்காரர்கள் ஓட்டு வேண்டும். லெவி படிப்புக்கு, பாண்ட் கட்டடத்துக்கு என்று இங்கே சொல்வார்கள். மாநிலம் தரும் பணம் போதாத இடத்தில் நர்ஸ், கவுன்சிலர், சிறப்புக் கல்வி உதவியாளர் போன்றவர்களுக்கு லெவி கைகொடுக்கிறது. அடிப்படைக் கல்விக்கு மாநிலம் போதிய பணம் ஒதுக்கவில்லை என்று 2012இல் மெக்லியரி வழக்கில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது, 2015 ஆகஸ்டிலிருந்து ஒரு நாளைக்கு 1,00,000 டாலர் அபராதமும் போட்டது. அதற்குப் பிறகு மாநிலம் கூடுதலாகத் தந்தாலும் லெவி இல்லாமல் இன்றும் முடிவதில்லை. லெவிக்குப் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் போதும், 2007இல் மக்கள் ஓட்டுப் போட்டு அப்படி மாற்றினார்கள். பாண்டுக்கு மட்டும் இன்னும் 60 சதவீதம் வேண்டும். பக்கத்து லேக் வாஷிங்டன் பள்ளி மாவட்டத்தில் 2014இல் பிப்ரவரி, ஏப்ரல் என்று இரண்டு முறை தோற்று, 2016 ஏப்ரலில்தான் 39.8 கோடி டாலர் பாண்ட் வென்றது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை இரண்டு வகுப்பு தாண்டிவிடும்.

இத்தனை வருடம் வரி கட்டியும் எனக்கு ஓட்டில்லாமல் இருந்தது. முதலில் எச்1பி வேலை விசா, அப்புறம் கிரீன் கார்டு. குடியுரிமை கிடைத்தபின் தபாலில் முதலில் வந்த வாக்குச்சீட்டே பள்ளிக்கூடத்துக்கானதாக அமைந்தது. பிப்ரவரித் தேர்தல், லெவியும் பாண்டும் ஒரே தாளில். விளக்கக் குறிப்பை மூன்று முறை படித்தேன், ஆயிரம் டாலர் வீட்டு மதிப்புக்கு எவ்வளவு என்பதை எங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டுக்கும் சம்மதம் என்று நிரப்பி உறையில் கையெழுத்திட்டு டிராப் பாக்ஸில் போட்டுவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி லெவிக்கு ஆதரவு, பாண்டுக்கு இல்லை என்றார். ஓய்வூதியத்தில் தனியாக இருப்பவர். 61 வயது ஆகி வருமானம் குறைவாக இருந்தால் வரிச்சலுகை உண்டு, இவருடைய வருமானம் வரம்புக்குச் சற்று மேலே. வீட்டு விலை ஏறியதால் அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை, வரி மட்டும் ஏறியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வருத்தம் வேறு. லெவி வென்றது, பாண்டுக்குப் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் 60 எட்டவில்லை. அந்த வாரம் எங்கள் தெருவில் குடியுரிமை உள்ள நான்கு தமிழ் வீடுகளில் விசாரித்தேன். இரண்டு வீட்டில் உறையைப் பிரிக்கவே இல்லை. "ஜனாதிபதி தேர்தல் இல்லையே அக்கா, விளம்பரத் தபால் என்று நினைத்துவிட்டேன்" என்றாள் ஒருத்தி, அவள் பையனும் போர்ட்டபிளில்தான் படிக்கிறான். பாண்டை மறுபடி கொண்டுவரப் போகிறார்களாம். வாக்குச்சீட்டு தபாலில் வரும் வாரம் அந்த இரண்டு வீட்டுக் கதவையும் நான் தட்டுவேன்.