ஸ்லோ மோஷனில் பார்த்துக் கொடுத்த பெனால்டி

போன டிசம்பரில் கோத்தகிரி பக்கம் நடந்த ஒரு ஃபுட்பால் டோர்னமென்டில் நான்தான் ரெஃப்ரி. செமி ஃபைனல், ஆளுக்கு ஒரு கோல், முடிய பத்து நிமிடம்கூட இல்லை. பாக்ஸுக்குள் ஒருவன் ஓங்கி அடித்த பந்து, எதிர் டீம்காரன் முழங்காலில் பட்டுத் திசை மாறி, இரண்டடி தள்ளி நின்ற அதே டீம் பையனின் முழங்கைக்குக் கீழே பட்டு வெளியே போனது. எட்டுப் பத்து மீட்டர் தூரத்தில் நின்றிருந்தேன், நடுவில் யாரும் மறைக்கவில்லை, முழுசாகப் பார்த்தேன். ஒதுங்க அவனுக்கு நேரமே இல்லை. கார்னர் என்று கையைக் காட்டினேன்.

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. கோல் போஸ்டுக்குப் பின்னால் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவன் ஓடி வந்தான். "அண்ணா, நீங்களே பாருங்கண்ணா, சும்மா சொல்லல" என்று ஃபோனை நீட்டினான். சுற்றிலும் இருபது பேர். அவன் கட்டைவிரலால் மெதுவாக இழுத்து இழுத்துக் காட்டினான். அந்த வேகத்தில் பார்த்தால் பையனின் கை உடம்பை விட்டு விலகுகிறது, பந்தை நோக்கிப் போகிறது, பந்து வருகிறது, படுகிறது. வேண்டுமென்றே கையை நீட்டித் தடுத்த மாதிரியே இருந்தது. முடிவை மாற்றி பெனால்டி கொடுத்தேன். கோல் ஆனது. அந்த டீம் வெளியே போனது.

ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் அதே வீடியோ வந்தது. இந்த முறை சாதாரண வேகத்தில். முழங்காலில் பட்டதும் கையில் பட்டதும் ஒரே சத்தம் மாதிரி கேட்டது, டப்டப் என்று. கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடுவோம். கை விலகியது உண்மை, ஆனால் அது திரும்பும்போது நிலை தடுமாறாமல் இருக்க எல்லோருக்கும் விலகுகிற கை. பதினைந்து தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். மைதானத்தில் முதலில் சொன்னதுதான் சரி. மாற்றியது என் தப்பு.

அதிலிருந்து விஏஆர் பற்றி, அதாவது அறையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிற ஒருவர் நடுவருக்கு உதவுகிற முறை பற்றி, யார் பேசினாலும் எனக்கு இந்த முழங்கைதான் ஞாபகம் வருகிறது. வீடியோ வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. வேண்டும். எப்போது அதை வைத்து முடிவை மாற்றலாம் என்பதில்தான் சிக்கலே. விதியை எழுதியபோது அதில் நான்கே விஷயங்களை வைத்தார்கள்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறிக் கார்டு காட்டியது. அதிலும் தவறு பளிச்சென்று தெரிய வேண்டும், அல்லது பெரிய சம்பவம் ஒன்றை நடுவர் பார்க்காமலே விட்டிருக்க வேண்டும். இதே விதிமுறையில் இன்னொரு வரியும் உண்டு, அதை நான் அப்புறம்தான் படித்தேன். பந்து எந்த இடத்தில் பட்டது என்று பார்க்க ஸ்லோ மோஷன் போடலாம், ஹேண்ட்பால் குற்றமா இல்லையா என்று முடிவெடுக்க சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அந்தப் பையன் ஃபைனல் ஆடியிருப்பான்.

2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லம்பார்ட் ஜெர்மனிக்கு எதிராக அடித்த பந்து மேல் கம்பியில் பட்டு, கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து, திரும்பக் குதித்து வெளியே வந்தது. உலகமே பார்த்தது, நடுவரும் லைன்ஸ்மேனும் பார்க்கவில்லை. அப்போது 2-1, கொடுத்திருந்தால் 2-2, கடைசியில் இங்கிலாந்து 4-1 என்று தோற்றது. அடுத்த உலகக் கோப்பையிலேயே ஒவ்வொரு கோலுக்கும் ஏழு கேமரா வைத்து, பந்து கோட்டைத் தாண்டினால் நடுவரின் வாட்சுக்குத் தகவல் போகிற மாதிரி செய்துவிட்டார்கள். 2009-ல் பாரிஸில் அயர்லாந்துக்கு எதிராக ஹென்றி கையால் பந்தை நிறுத்திக் கொடுத்துத்தான் பிரான்ஸ் கோல் போட்டது. அதுவும் நடுவர் கண்ணில் படாதது. இந்த மாதிரி இடங்களில் முடிவை மாற்ற ஒரு நொடிகூட யோசிக்க வேண்டாம். எங்கள் ஊரில் மிஸ்ட் இறங்கினால் எதிர்ப் பக்க கோல் போஸ்டே தெரியாது, சுண்ணாம்புக் கோடும் மழையில் பாதி கரைந்திருக்கும். பார்க்காததை ஒரு கேமரா பார்த்துச் சொன்னால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

ஆஃப்சைடும் அப்படித்தான். முன்னால் நின்றானா பின்னால் நின்றானா என்பது அளந்து பார்க்கிற விஷயம், அபிப்பிராயத்துக்கு இடமில்லை. பந்து கோட்டுக்கு வெளியே போனதா என்பதும் அதே மாதிரிதான். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் போட்ட இரண்டாவது கோலில், மிட்டோமா பந்தை உள்ளே திருப்பியபோது அது முழுசாகக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்றுதான் டிவியில் பார்த்த எல்லோரும் நினைத்தோம். மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் வளைவில் ஒரு நூலிழை கோட்டின் மேல் இருந்தது. ஜப்பான் ஜெயித்தது. சரியான முடிவு, எத்தனை பேர் கத்தினாலும்.

ஆனால் நடுவர் நேராகப் பார்த்து, யோசித்து, சொன்ன முடிவு வேறு ஜாதி. 2018 ஃபைனலில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது, முன்னால் குதித்த பிரான்ஸ் ஆட்டக்காரர் தலையால் முட்டத் தவறியதும் அடுத்த கணமே. நடுவர் பிதானா மானிட்டரைப் பார்த்தார், திரும்பி நடந்தார், மறுபடி போய்ப் பார்த்தார், அப்புறம் பெனால்டி கொடுத்தார். க்ரீஸ்மன் அடித்து 2-1. பிரான்ஸ் 4-2 என்று கோப்பையை வாங்கியது. ஒரு தவறு பளிச்சென்று தெரிந்தால் எதற்கு இரண்டாவது முறை போய்ப் பார்க்க வேண்டும்? எனக்கு இன்றுவரை மனசு ஒப்பவில்லை.

நான் வைத்திருக்கிற கணக்கு இது. வீடியோவைத் திறக்கும் முன்னால் நடுவரிடம் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: என்ன பார்த்தீர்கள்? "பந்து நெஞ்சில் பட்டது" என்று அவர் சொல்லி வீடியோவில் கையில் பட்டிருந்தால், மாற்றணும். "கையில் பட்டது, ஆனால் பக்கத்திலிருந்து வந்தது, ஒதுங்க முடியாது" என்று அவர் சொல்லி வீடியோவும் அதையே காட்டினால், அதோடு மூடிவிட வேண்டும். அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு மாதிரி தோன்றலாம், தோன்றட்டும், அது அவருடைய மேட்ச் இல்லை. அன்றைக்கு என்னிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என் வாயாலேயே பதில் வந்திருக்கும்.

கூடலூர் பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் நிறைய. 2023 மார்ச்சில் பெங்களூரில் அந்த ஊர் டீமின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்து கோலாக்கியதும் கேரளா டீம் மைதானத்தை விட்டே வெளியேறியது, நான்கு கோடி அபராதம். விஏஆர் இருந்திருந்தால் நடந்திருக்குமா என்று அங்கே ஒரு நண்பர் இன்னும் கேட்கிறார். எதிர் டீம்காரர்கள் வரிசையாக நின்று சுவர் கட்டும் முன்னால் அடிக்க விட்டது நடுவர் பக்கத்தில் நின்று எடுத்த முடிவு. கேமரா அதில் புதிதாக என்னத்தைக் காட்டும்?

ஜனவரியில் அந்தப் பையனைத் தேடிப் போனேன். டீ ஃபேக்டரிக்குக் கீழே லைன் வீடு. வீடியோவைச் சாதாரண வேகத்தில் காட்டி, தப்பு என்னுடையது, மன்னிச்சிருப்பா என்றேன். அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ கைய எங்கதாண்ணா வெச்சிருக்கணும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஆடிய மேட்சுக்கு மறுபடி நான்தான் விசில். பாக்ஸுக்குள் பந்து வரும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றான். அப்படி நின்றால் குதிக்க முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. ஒரு த்ரோ இன் நேரத்தில் பக்கத்தில் போய், "கைய விட்டு ஆடுப்பா" என்றேன். தலையாட்டினான். அடுத்த கார்னருக்கு மறுபடி கோத்துக்கொண்டான்.