கழராத போல்ட்டுகளோடு

பழைய மொறிஸ் மைனரையோ ஒஸ்டின் கேம்பிரிட்ஜையோ திருத்த வருகிறவர்கள் முதலில் கேட்பது, பெயின்ற் எப்போது அடிப்பீர்கள் என்றுதான். பெயின்ற் கடைசிக் கதை. அதற்கு முதல் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்ற வேண்டும். அதற்கு எத்தனை நாள் போகும் என்று எந்தக் கராச்சிலும் சொல்ல முடியாது. கனடாவிலிருந்து லீவில் வந்து, அப்பாவின் காரை ஓடிப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நிற்பவருக்கு இதை விளங்கப்படுத்துவது போல்ட் கழற்றுவதை விடக் கஷ்டம்.

யாழ்ப்பாணத்தில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. இரும்பு கறளானால் அதன் பருமன் கூடும். போல்ட்டின் புரிக்குள், அதாவது முறுக்கிப் பூட்டும் சுருள் வரிக்குள், அதற்கு இடம் இல்லை. அதனால் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து நெரித்துக்கொண்டு நிற்கும். குருநகர்ப் பக்கம் வெளியில் நின்ற காருக்கும், நீர்வேலியில் கொட்டகைக்குள் நின்ற காருக்கும் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆனால் கழராததெல்லாம் கறளால் கழராததில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்தக் கார்கள்தான் ஓடின, அதுவும் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில். உதிரிப்பாகம் வர வழியில்லை. கையில் கிடைத்ததைப் பூட்டினார்கள். அங்குலப் புரிக்குள் மில்லிமீற்றர் போல்ட்டை வலிந்து முறுக்கியதும், நட்டின் மேல் வெல்டிங் பொட்டு வைத்ததும் இப்போதும் அகப்படும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்படிப்பட்ட போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருப்பதில் பலனில்லை. ஆகவே முதல் வேலை, கம்பி பிரஷ்ஷால் உரசிவிட்டு ரோச் அடித்துப் பார்ப்பது.

அடுத்தது ஸ்பானர். அரை அங்குல நட் என்பது 12.7 மில்லிமீற்றர். அதில் 13 ஸ்பானர் போகும். சாதாரண நட்டைக் கழற்றியும் விடும். கறள் பிடித்த நட்டிலோ மூலையை வழித்துவிட்டுப் பேசாமல் சுற்றும். 9/16 நட்டுக்கு 14 ஏறாது, 15 ஆடும். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 ஒழுங்காகப் பொருந்தும். நான் அங்குல அளவில் ஆறு மூலைச் சொக்கற் தவிர வேறு எதையும் வைக்க விடுவதில்லை. மைனரின் முன் சஸ்பென்ஷனில் ஒரு பக்கம் இடம்புரி, மறுபக்கம் வலம்புரி. அது தெரியாமல் மல்லுக்கட்டினால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எண்ணெய்க்கு ஒட்டோமற்றிக் கியர் ஒயிலும் அசிற்றோனும் சரிபாதி கலந்து வைத்திருக்கிறேன். இரண்டும் பிரிந்து நிற்கும், விடுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். பின்னேரம் விட்டால் காலையில்தான் தொடுவேன். தொடுமுன் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகச் சில தட்டு. அந்த அதிர்ச்சியில் கறள் வெடித்தால்தான் எண்ணெய்க்கு வழி.

பிறகு கழற்றும் பக்கம் இல்லை, இறுக்கும் பக்கம் கொஞ்சம் அமத்துவேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. சத்தமே வராமல் ஸ்பானர் றப்பர் மாதிரி இழுபட்டு வந்தால் உடனே கையை எடுக்க வேண்டும். நட் அசையவில்லை, தண்டு முறுகுகிறது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் முறிந்துவிடும். இது கைக்குத்தான் தெரியும். அசைந்த போல்ட்டையும் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, திரும்ப எண்ணெய். கிறீச்சிட்டால் பின்வாங்க வேண்டும்.

வேலை பழகும் பொடியனுக்கு இந்த இடத்தில்தான் பொறுமை போகும்.

“அண்ணை, பைப் போட்டு இழுப்பமே?”

“இழு தம்பி. முறிஞ்சா எஞ்சின் தலையைக் கழற்றி லேத்துக்குச் சுமக்கிறதும் நீதான்.”

அவன் பைப்பைச் சுவரில் சாத்திவிடுவான்.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மெனிபோல்ட்டின் ஸ்ரட்டுகளில், அதாவது தலையில்லாத போல்ட்டுகளில், எண்ணெய் தனியே எடுபடாது, நெருப்பு வேண்டும். நட்டைத்தான் சூடாக்க வேண்டும், தண்டை அல்ல. நட் விரியும்போது மெழுகுதிரியைத் தொட்டால் மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கும். பெற்றோல் தாங்கிப் பக்கம் நெருப்பே கிடையாது. பிறேக் கிளீனர் அடித்த இடமும் அப்படித்தான். சில வகைகளில் குளோரின் சேர்மானம் இருக்கிறது, சூடானால் நச்சு வாயு வரும்.

எல்லாப் போல்ட்டையும் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை. மட்கார்ட் போல்ட்டுகளுக்கு நான் கிறைண்டரை எடுத்துவிடுவேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெனிபோல்ட்டுக்குத் திரும்பப் பூட்டும்போது பித்தளை நட் போடுவேன். பித்தளை அந்தச் சூட்டிலும் ஸ்ரட்டோடு ஒட்டிப் பிடிக்காது. அது கிடைக்காவிட்டால் சாதாரண நட்டுக்குச் செம்புக் கிறீஸ் பூசினால் போதும்.