எம்2 என்ஜினுக்குச் செம்புக் கம்பி

மார்ச் 8, சனி

கொழும்புத் திட்ட உதவியில் இலங்கை ரெயில்வேக்குக் கனடா தந்த எம்2 டீசல் வகையில் 570ஆம் இலக்க என்ஜின், ‘அல்பேர்ட்டா’. அதைத்தான் 1:87 அளவில் மாதிரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சாரதி அறைக் கூரை தவிர உடல் முடிந்தது, இனிக் கைபிடிக் கம்பிகள். நிஜத்தில் ஒன்றேகால் அங்குலத் தடிப்பு என்று எடுத்தால் மாதிரிக்கு 0.37 மி.மீ. வரும். 28 கேஜ் கம்பி 0.376 மி.மீ. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் மோட்டர் கொயில் சுற்றும் அண்ணையிடம் போனேன்.

“மோட்டர் எங்க தம்பி?”

“மோட்டர் இல்லை அண்ணை, ரெயில் செய்யிறன்.”

மிச்சக் கம்பியைச் சுருளாகவே தந்துவிட்டார். காசு வாங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சுருளில் இருந்து வந்த கம்பியைக் கையால் நீவி நிமிர்த்த முடியாது. ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறு முனையைக் குறட்டால் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். முதலில் அசையாது. பிறகு சட்டென்று கொஞ்சம் நீளும். அந்த இளக்கம் கைக்கே தெரியும். அதோடு விட்டுவிட வேண்டும். கோணல் போய்விடும், கம்பியும் விறைத்துவிடும். மேலே உள்ள எனாமல் பூச்சை பிளேட்டால் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது.

மார்ச் 12, புதன்

வக்யூம் பிரேக் குழாய்க்கு வீட்டு வயரிங்கின் 7/0.67 வயரை (0.67 மி.மீ. இழை ஏழு) பிரித்து ஓர் இழை எடுத்தேன். பித்தளையைவிடச் செம்பு மூன்று மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அதனால் சின்ன சோல்டரிங் ஐயன் செம்புத் தகட்டுக்குப் போதாது. 60 வாட், அகன்ற முனை, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். முதலே பற்றவைத்த மூட்டு விடாமல் இருக்கப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றினேன்.

மார்ச் 15, சனி

சாரதி அறைக் கூரைக்குச் செம்புத் தகடு. வளைக்க வளைக்க இறுகி, எதிர்த்து நின்றது. கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்யும் ஐயா தன் ஊதுவிளக்கில் மங்கல் சிவப்பாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டார்.

“உருக்கெண்டால் இப்பிடிப் போட இறுகும். செம்பு இளகித்தான் இருக்கும்.”

எடுத்தபோது தகடு கறுத்துப் போயிருந்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்க, இளஞ்சிவப்பாய் வந்தது. உருண்டைக் கட்டையில் வைத்து விரலால் அழுத்தினேன். கூரையின் இரண்டு ஓரமும் அப்படியே படிந்தன. நேரான பக்கச் சுவருக்குப் பித்தளைதான் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் வளைகிற எதற்கும் செம்பைத் தவிர வேறொன்றை நான் தொடமாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

கழுவி, கைபடாமல் காயவிட்டு, உலோகத்தில் பெயின்ற் பிடிக்க எச்சிங் பிரைமர் அடித்தேன். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ற் நிற்காது.

அடுத்தது சில்லுகள். எங்கள் தண்டவாள இடைவெளி ஐந்தடி ஆறங்குலம், 1:87இல் 19.3 மி.மீ. கடையில் வருவதோ 16.5. அந்த ஒடுங்கிய தண்டவாளத்தில் அல்பேர்ட்டாவை ஏற்ற எனக்கு மனமில்லை, சில்லுகளுக்குப் புதிதாகவே அச்சுத்தண்டு வெட்டப் போகிறேன். அங்கே செம்பு சரிவராது, தேய்ந்துவிடும். உருக்குக் கம்பி தேட வேண்டும்.