கொழுந்துக் கணக்குப் பக்கத்தில் விசையும் மவுஸும் படுத்திய பாடு

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஒபீசில் கொழுந்து நிறுவை பதியும் வெப் பக்கம். யாரோ எழுதிக் கொடுத்து, காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்ட ஸ்கிரிப்ட். அதைச் சரிக்கட்டி முடித்த சூட்டோடு எழுதுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஈவென்ட் லிஸனர், அதாவது விசை, மவுஸ் நிகழ்வுகளைக் கேட்கும் கோட் துண்டு, வைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

முதல் வில்லங்கம் கிலோ பெட்டி. இலக்கம் மட்டும் விழட்டும் என்று, விசையை அழுத்தியதும் வரும் கீடவுன் ஈவென்ட்டில், விசைக்கான எண்ணான கீகோட் 48 முதல் 57 வரை சோதனை. மேல்வரிசை இலக்கங்களுக்கு அது சரி. கிளாக்கர் நாள் முழுக்க அடிப்பதோ வலப்பக்க இலக்க விசைத் தொகுதியான நம்பேட்டில். அங்கே 96 முதல் 105. ஒன்றும் விழாது. ஆனால் ஷிஃப்டோடு 5 அடித்தால் வரும் சதவீதக் குறிக்கும் கீகோட் 53தான், அது தாராளமாக உள்ளே போகும்! கீகோட் கைவிடப்பட்ட சங்கதி. வகுப்பு நோட்ஸ்களில் மட்டும் இன்னும் சாகவில்லை. எழுத்துத்தான் வேண்டுமென்றால் ஈவென்ட்.கீ பாருங்கள்: எந்தப் பக்கத்து 1 ஆனாலும் "1" என்றே வரும். கிலோ பெட்டிக்கு அதுவும் வேண்டாம். ஆன்ட்ரொய்ட் ஃபோனின் திரை விசைப்பலகையில் கீகோட் பெரும்பாலும் 229, கீ "அன்ஐடென்டிஃபைட்" என்றே வரும். பெட்டியில் உள்ளது மாறும்போதெல்லாம் வரும் இன்புட் ஈவென்ட்டில் பெட்டியின் மதிப்பைச் சோதிப்பதே உருப்படியான வழி.

அதன் பிறகும் "நம்பேட் உடைஞ்சி போச்சு" என்று கோல். புது கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனால், நம்லொக் அணைந்து கிடக்கிறது. அப்போது அந்த 1 விசையின் இடத்தைச் சொல்லும் கோட் "நம்பேட்1" ஆகவே இருக்கும், கீ மட்டும் "எண்ட்" ஆகிவிடும். ஈவென்ட்டின் கெட்மொடிஃபையர்ஸ்டேட் ஃபங்ஷனிடம் நம்லொக் நிலையைக் கேட்டு, அணைந்திருந்தால் பெட்டிக்கு மேலே சிவப்பு எழுத்தில் காட்டுங்கள். கூடவே கீ, கோட், ரிபீட், பட்டன், பட்டன்ஸ் ஐந்தையும் ஒரே வரியில் காட்டும் சோதனைப் பக்கம் ஒன்றைப் போட்டு வைத்தால், ஃபோனிலேயே வாசிக்கச் சொல்லலாம். பஸ் காசு மிச்சம்.

இருப்பதிலேயே பொல்லாதது எண்டர். விசையை அழுத்தியே வைத்திருந்தால் கீடவுன் திரும்பத் திரும்ப வரும். கை சற்று நின்றதும் ஒரே நிறுவை நாலைந்து வரியாக விழுந்தது. இது செக்ரோலில், அதாவது தோட்டச் சம்பளப் பதிவேட்டில், ஏறினால் சம்பளத்தன்று ஒபீஸ் வாசலில் சண்டைதான். ஈவென்ட்.ரிபீட் உண்மையென்றால் உடனே திரும்பிவிடுங்கள். ஒரு வரி போதும்.

குறுக்கு விசை வேறு கதை. கொன்ட்ரோல் எஸ் அடித்தால் சேமிக்க, கீ "எஸ்" தானா என்று பார்த்திருந்தார்கள். பெயரைத் தமிழில் அடிக்க ரெங்கநாதன் என்ற தமிழ் விசை அமைப்புக்கு மாறியதும் அந்த இடத்தில் தமிழ் எழுத்து வருகிறது. கெப்ஸ்லொக் போட்டால் பெரிய எஸ். குறுக்கு விசைக்கு கோட் "கீஎஸ்" என்று இடத்தைப் பாருங்கள். பிரவுசர் தன் சேமிப்புப் பெட்டியைத் திறக்காமலிருக்க அதன் வழக்கமான வேலையை நிறுத்தும் பிரிவென்ட்டிஃபோல்ட் கட்டாயம். கொன்ட்ரோலோடு டபிள்யூ, டி, என் மூன்றையும் பிரவுசர் பொதுவாக விட்டுத்தராது, அவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒல்ட் டேப் அடித்து வேறு ஜன்னலுக்குப் போனால், விசையை விட்டதைச் சொல்லும் கீஅப் வராது. அழுத்திய விசைகளைப் பட்டியலில் வைத்திருந்தால் அது ஒட்டிக்கொண்டே நிற்கும். ஜன்னல் கவனம் இழக்கும்போது வரும் வின்டோவின் பிளர் ஈவென்ட்டில் பட்டியலைத் துடைத்துவிடுங்கள். ஷிஃப்ட், கொன்ட்ரோலுக்குப் பட்டியலே வேண்டாம். அந்தந்த ஈவென்ட்டிலேயே ஷிஃப்ட்கீ, கொன்ட்ரோல்கீ இருக்கிறது.

மவுஸுக்கு வந்தால், பழைய ஸ்கிரிப்ட்டில் இடது பட்டன் 1. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 வரைக்குமான கணக்கு அது. இன்று பட்டன் 0 இடது, 1 நடுச்சக்கரம், 2 வலது. ஆகவே இடது கிளிக் சும்மா இருக்க, சக்கரத்தை அழுத்தினால் வரி தெரிவானது! பட்டன்ஸ் என்பதோ கூட்டுத்தொகை: இடது 1, வலது 2, நடு 4, இடதும் வலதும் சேர்ந்தால் 3. வலதும் நடுவும் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள், ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மவுஸ் நகரும்போது வரும் மவுஸ்மூவில் பட்டனைப் பார்த்துப் பயனில்லை, எப்போதும் 0. பட்டன்ஸ்தான் நிஜத்தைச் சொல்லும்.

கிளிக் ஈவென்ட் இடதுக்கு மட்டும், மற்றவற்றுக்கு ஒக்ஸ்கிளிக். வலது பட்டனில் சொந்த மெனு காட்ட, பிரவுசரின் மெனு திறக்கும்போது வரும் கொன்டெக்ஸ்ட்மெனு ஈவென்ட்டைத் தடுக்க வேண்டும், மவுஸ்டவுனைத் தடுத்துப் பயனில்லை. வரியை இழுத்து வெளியே விட்டால் அந்த வரிக்கு மவுஸ்அப் கிடைக்காது. மவுஸ், தொடுதிரை எல்லாவற்றுக்கும் பொதுவான பொயின்டர்டவுனில், அடுத்த ஈவென்ட்டுகளை அந்த வரிக்கே கட்டிவைக்கும் செட்பொயின்டர்கெப்சர் போட்டால் தீரும், இடையில் அறுந்ததைச் சொல்லும் பொயின்டர்கென்சலையும் சேர்த்துக் கவனித்தால். ஆனால் இடதைப் பிடித்தபடி வலதை அழுத்தினால் இரண்டாவது பொயின்டர்டவுன் வராது, பொயின்டர்மூவ்தான் வரும். இரண்டு பட்டனும் வேண்டுமென்றால் மவுஸ்டவுனையே வையுங்கள்.