பழி லென்ஸுக்கு, பழுது பேட்டரிக்கு: ஒரு பழைய கையடக்க கேமராவை மீட்ட குறிப்புகள்

2005ஆம் ஆண்டில் வெளிவந்த, 5 மெகாபிக்சல் திறன் கொண்ட கையடக்க டிஜிட்டல் கேமரா ஒன்று நான்கைந்து ஆண்டுகளாக இழுப்பறையில் கிடந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்து, உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினேன். லென்ஸ் பாதி வரை நீண்டு நின்றது. திரையில் லென்ஸ் பிழை என்ற அறிவிப்பு தோன்றியது. நீண்ட லென்ஸை உள்ளே இழுத்துக்கொள்ளாமலேயே கேமரா அணைந்துபோனது.

அறிவிப்பே லென்ஸைக் குற்றம் சாட்டியதால் முதல் வார இறுதி முழுவதையும் அதிலேயே செலவிட்டேன். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, லென்ஸ் குழாய்களின் இடுக்கில் ரப்பர் ஊதுகுழலால் காற்றடித்தேன். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போய்விடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். சில மணல் துகள்கள் உதிர்ந்தனவே தவிர, பிழை நீங்கவில்லை. திருகுகளைக் கழற்றிப் பார்த்துவிடலாமா என்ற ஆசையும் எழுந்தது. ஆனால் ஃப்ளாஷுக்கான மின்தேக்கியில் (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தம், பேட்டரியை எடுத்த பிறகும் தங்கியிருக்கக்கூடும் என்பதை அறிந்திருந்ததால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரத்தில்தான் பேட்டரியின் மீது ஐயம் பிறந்தது. மல்டிமீட்டரில் அது 4.1 வோல்ட் காட்டியது. ஒற்றை லித்தியம் அயனி பேட்டரி முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் வரை காட்டும் என்பதால், முதலில் அதில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. சுமை, அதாவது மின்சாரத்தை இழுக்கும் பொருள், எதுவும் இல்லாமல் அளந்ததுதான் என் தவறு. 4.7 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைப் பேட்டரி முனைகளுக்கிடையே சில நொடிகள் மட்டும் இணைத்து அளந்தபோது மின்னழுத்தம் 3.2 வோல்ட்டுக்குச் சரிந்தது. பேட்டரி மூப்படையும்போது அதன் அகத்தடை, அதாவது உள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை, கூடுகிறது. அதனால், சும்மா இருக்கும்போது நல்ல அளவைக் காட்டும் பேட்டரி, லென்ஸை நகர்த்தும் மோட்டார் ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டத்தைக் கேட்டவுடன் துவண்டுவிடுகிறது. லென்ஸ் பாதி வழியில் நின்றதற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும் என்று கருதி அதே வகையில் புதிய பேட்டரி வாங்கினேன். அதே மின்தடையுடன் அது 3.9 வோல்ட்டில் நிலைத்தது. கேமராவில் வைத்ததும் லென்ஸ் முழுமையாக நீண்டது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஒரு வார இறுதி மிச்சமாகியிருக்கும்.

கேமராவை இயக்கிய ஒவ்வொரு முறையும் அது தேதி கேட்டு நச்சரித்ததும் பேட்டரியோடு தொடர்புடையதுதான். கடிகாரத்தை ஓடவைக்கும் சிறு மின்கலம் இந்த கேமராவில் முதன்மைப் பேட்டரியிலிருந்தே மின்னூட்டம் பெறுகிறது. புதிய பேட்டரியை ஒரு நாள் முழுவதும் உள்ளேயே வைத்திருந்த பிறகு தேதி மாறாமல் நின்றது.

மெமரி கார்டு விஷயத்தில் குழப்பமே இல்லை. கையிலிருந்த 32 ஜிபி கார்டு எஸ்டிஎச்சி வகை, அதாவது சாதாரண எஸ்டி கார்டைவிட அதிகக் கொள்ளளவு கொண்ட வகை. அந்த வகை 2006இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய இந்த கேமரா அதை அடையாளம் காணவில்லை. பழைய 2 ஜிபி எஸ்டி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்தேன், வேலை முடிந்தது.

படமெடுப்பதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால், கேமரா குவியத்தை (ஃபோகஸ்) தேடி முடிப்பதற்குள் பறவை கிளையைவிட்டுப் போய்விடுகிறது; பாதி அழுத்திக் குவியத்தை முன்கூட்டியே பூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தால், முழுதாக அழுத்திய கணத்திலேயே படம் விழுகிறது. இரவுப் படங்களில் மிதந்த வெள்ளை வட்டங்களை லென்ஸ் கறை என்று எண்ணித் துடைத்துக்கொண்டிருந்தேன். இவற்றை ஆவிகள் என்று நம்புவோரும் உண்டு. உண்மையில், ஃப்ளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், காற்றில் மிதக்கும் தூசி ஒளியை நேராகத் திருப்பி அனுப்புகிறது; ஃப்ளாஷை அணைத்துவிட்டு, கேமராவை மேசைமேல் வைத்து, 2 நொடி டைமரில் எடுத்தபோது அவை மறைந்தன.

ஜூமை முழுவதும் நீட்டும்போது மட்டும் லென்ஸ் இன்னும் மெல்லக் கரகரக்கிறது. அங்கே மணல் மிச்சமிருக்கிறது போலும். வரும் சனிக்கிழமை மறுபடி கவிழ்த்துப் பிடித்துக் காற்றடிக்க வேண்டும்.